ஒட்டியாச்சா, ஓட்டியாச்சா

எங்கள் கல்லூரியில் அவரை அக்கா என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பிரின்ஸிபால், 'ஏம்மா' என்பார். இன்னொருவர் வாசல் காவலாளி; அவர் அக்காவுக்குச் சொந்தச் சித்தப்பா. மற்றபடி மாணவர்கள், ஆசிரியர்கள், கேன்டீன்காரர் எல்லோருக்கும் அவர் அக்காதான். என்னைவிட ஏழு வயது இளையவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் மாற்றிக் கூப்பிட வாய் வரவில்லை. பெயரை இங்கே எழுதினால், 'இன்னா சார், என்னக் கேக்காம போட்டுட்டீங்க' என்று போன் வரும். அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

பொத்தேரி ரயிலடியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் எங்கள் கல்லூரி. மருத்துவமனைகளில் உதவியாளர் வேலைக்குப் போகிறவர்களுக்கு டிப்ளமோ நடத்தும் சின்ன இடம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் என்னென்ன சத்தம் கேட்கும், எது நல்ல மூச்சு, எது நோய்பிடித்த மூச்சு என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாதி வகுப்புகள் ஆன்லைனுக்குப் போனபோது, பாடங்களை வீடியோவாகவும் மூச்சுச் சத்தங்களை ஆடியோவாகவும் கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா வந்தார். தாம்பரம் பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். அதற்கு முன்னால் கல்யாண வீடியோக்களுக்குப் பாட்டுச் சேர்க்கிற கடையில் இருந்தாராம். 'ஆறு வருசம் சார். தாலி கட்ற நேரத்துல மேளம் ஒரு செகண்டு தள்ளி வந்தாகூட பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க' என்று முதல் நாளே சொன்னார்.

பக்கத்தில் வீடியோவைப் பதிப்பதை நாங்கள் எல்லோரும் 'ஒட்டறது' என்போம். எங்கிருந்தோ ஒரு நீளமான வரியை எடுத்துவந்து ஒட்டினால் அங்கே ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதன் நடுவில் ஒரு முக்கோணம் இருக்கும். முக்கோணத்தைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடுவோம். அக்காவுக்கு அது பாதி வேலைகூட இல்லை.

'ஒட்டியாச்சு, சரி. ஓட்டியாச்சா?' என்று கேட்பார்.

ஓட்டுவது என்றால் முதல் நொடியை அமுக்கிப் பார்த்துவிட்டு மூடுவது அல்ல. முழுவதும், கடைசிவரை. ஐம்பது நிமிடப் பாடம் என்றால் ஐம்பது நிமிடமும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் யாராவது பேச வந்தால் கையைக் காட்டி நிறுத்துவார், அது பிரின்ஸிபாலாக இருந்தாலும் சரி. 'என்னம்மா, இதெல்லாம் கேட்டு நீ என்ன பரீட்சையா எழுதப் போறே?' என்று அவர் ஒரு முறை கேட்டார். 'நான் எழுதல சார். எழுதற பசங்களுக்கு இது கேக்கணும் இல்ல?' என்றார் அக்கா. பிரின்ஸிபால் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவருடைய மேஜை இழுப்பறையில் மூன்று பழைய போன்கள் இருந்தன. ஒன்றின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. இன்னொன்று தொட்டாலே சுடும். மூன்றாவதில் சத்தம் பாதிக்கு மேல் ஏறாது. ஒட்டிய எதையும் அந்த மூன்றிலும் போட்டுப் பார்ப்பார். நல்ல போனில் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். 'நல்ல போன்ல எல்லாமே ஓடும் சார், அதுல பாத்து இன்னா தெரியப்போவுது?' என்றார்.

அதோடும் விடமாட்டார். சாயங்காலம் தாம்பரம் போகும்போதும் காலையில் திரும்பி வரும்போதும் ரயிலில் வைத்து ஓட்டுவார். ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஓரிடத்தில் நெட் படுத்துக்கொள்ளும். அந்த இடத்தைத் தாண்டியும் வீடியோ நிற்காமல் ஓடினால்தான் அவர் கணக்கில் அது தேறியது. நின்றால் மறுநாள் என் மேஜைக்கு வருவார். 'சார், உங்க மூணாவது பாடம் கூடுவாஞ்சேரி தாண்டல' என்பார். உடனே அதைச் சுருக்கி, எடையைக் குறைத்து மறுபடி ஒட்டுவார். நாளடைவில் கல்லூரி முழுக்க இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. மாணவர் யாராவது தேர்வில் தடுமாறினால்கூட, 'அவன் கூடுவாஞ்சேரி தாண்டமாட்டான்' என்று ஆசிரியர்களே சொல்ல ஆரம்பித்தோம்.

அதே ரயிலில்தான் ஒருநாள் இரண்டு பெண்களைப் பார்த்திருக்கிறார். எங்கள் மாணவிகள். ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பகிர்ந்துகொண்டு என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விறுவிறுவென்று எழுதுகிறாள், இன்னொருத்தி ஜன்னலை வேடிக்கை பார்க்கிறாள். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, 'எனக்கு ஒண்ணுமே கேட்கலைக்கா. இவ எழுதினதும் பார்த்து எழுதிப்பேன்' என்றாளாம். அக்கா அந்தக் காதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். சத்தமே இல்லை.

மறுநாள் என்னிடம் வந்து நின்றார். 'சார், முப்பத்திரெண்டு பாடத்தையும் நீங்க இடது காதுலயே நடத்திக்கினு கீறீங்க.'

என் மைக்கில் ஏதோ கோளாறு. சத்தம் ஒரு பக்கம் மட்டும்தான் பதிவாகியிருந்தது. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்கிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; அக்கா அதுவரை இடது காதில் மட்டும் மாட்டிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார். ஒரு காதை அடுத்தவளுக்குக் கொடுத்தவளுக்குத்தான் தெரியும். அரை வருடமாக ஒருத்தி என் பாடத்தைக் கேட்காமலே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பத்திரண்டையும் அக்கா சரிசெய்தார். சரிசெய்ததை எல்லாம் மறுபடி முதலிலிருந்து கடைசிவரை ஓட்டினார். அந்த வாரம் அவர் யாரோடும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். ஒருநாள் பாடத்தை முடித்தவன் பதிவை நிறுத்த மறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். பேசி முடித்து, அப்படியே ஒட்டச் சொல்லி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

'கொத்தவரங்கா நல்லா இருந்துச்சா சார்?'

நான் விழித்தேன்.

'முப்பத்தேழாவது நிமிசம். வெட்டிட்டேன். அப்பால பிரின்ஸ்பால் சாரப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, அதையும் வெட்டிட்டேன்.' டீயை ஒரு வாய் குடித்தார். 'ஆனா நீங்க சொன்னது கரெக்டு சார்.'

அது வேறு யாருக்கும் தெரியாது. இப்போது நானே எழுதினால்தான் உண்டு.

நான் அவரிடம் பாடம் கேட்ட நாள் ஒன்று உண்டு. தேர்வுக்காக வெளியிலிருந்து வாங்கிய மூச்சுச் சத்தங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கொடுத்திருந்தேன். நாலாவது ஒரு நோய், ஆறாவது வேறு நோய். அக்கா மருத்துவத்தில் ஓரெழுத்துகூடப் படித்தவரில்லை. 'சார், நாலும் ஆறும் ஒரே ஆளோட மூச்சு' என்றார். நான் சிரித்தேன். வேறு வேறு நோய், எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இயர்போனை என்னிடம் நீட்டினார்.

'பன்னெண்டாவது செகண்டுல எச்சி முழுங்குறான் பாருங்க. ரெண்டுலயும்.'

கேட்டேன். முழுங்கினான். இரண்டிலும். விற்றவர்கள் ஒரே பதிவை லேசாக மாற்றி, இரண்டு நோய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருடமாக இந்தச் சத்தங்களைச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நோயைத்தான் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் ஆளைக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் விட்டார். அதற்குக் காரணம் நான்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கேட்டல் தேர்வு. வீட்டிலிருந்தே அவரவர் போனில் எழுத வேண்டும். பத்து மூச்சுச் சத்தங்கள். கேட்டுவிட்டு ஒவ்வொன்றும் என்ன என்று நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். எட்டு சரியாக இருந்தால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவோம். தேறாதவர்கள் ஆறு மாதம் காத்திருந்து அடுத்த பேட்ச்சோடு போக வேண்டும். ஒன்பது சத்தங்களை அக்கா முன்பே ஒட்டி, ஓட்டி முடித்துவிட்டார். பத்தாவதைக் கடைசி நேரத்தில் நானே பதிவு செய்து, நானே ஒட்டினேன். என் கணினியில் நன்றாக ஓடியது. நாலு நொடி கேட்டிருப்பேன்.

அன்று அக்கா தங்கை வளைகாப்புக்காக லீவு. அங்கிருந்தே வாட்ஸப்பில் கேட்டார். நாங்கள் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். '10vadhu ottiyacha sir?' என்று வந்தது. 'ottiten' என்று பதில் போட்டேன்.

அவர் கேட்டது ஓட்டியாச்சா. நான் படித்தது ஒட்டியாச்சா. நான் சொன்னது ஒட்டிட்டேன். அவர் படித்தது ஓட்டிட்டேன். ஆங்கில எழுத்துக்குக் குறிலும் தெரியாது, நெடிலும் தெரியாது.

தேர்வு முடிந்து விடைகள் வந்தன. நாற்பது பேரில் ஒரே ஒரு பெண் மட்டும் பத்தாவதைக் காலியாக விட்டிருந்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து வருகிறவள், அம்மாவின் போனில் படிக்கிறவள். மீதி ஒன்பதில் ஏழு சரி. ஒரே ஒரு விடையில் போயிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

'சவுண்டே வரலை சார்.'

'மத்த முப்பத்தொன்பது பேருக்கும் வந்திருக்கே? உனக்கு மட்டும் வரலையா?'

அவள் கையிலிருந்த அம்மாவின் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

'தெரியலைன்னா நாலுல ஏதாவது ஒண்ணைக் குறிச்சிட்டு வர வேண்டியதுதானே? இப்ப யாருக்கு நஷ்டம்?'

'கேட்காததை எப்படி சார் எழுதறது?' என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லாமல் கையெழுத்துப் போட்டுப் பிரின்ஸிபால் மேஜைக்கு அனுப்பிவிட்டேன். நாளைக்கு ஒரு நோயாளியின் நெஞ்சில் காதை வைக்கப்போகிற பெண்ணிடம், கேட்காமலே எதையாவது சொல்லிவிடு என்று புத்தி சொன்ன வாத்தியார் நான். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அவள் அக்காவிடம் அழவில்லை, முறையிடவும் இல்லை. போனில் சத்தம் வருகிறதா என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லித்தான் போயிருக்கிறாள். போன் கெட்டிருந்தால் அம்மாவிடம் சொல்லலாமே என்று. அக்கா அந்தப் போனில் பத்து சத்தங்களையும் வரிசையாக ஓட்டியிருக்கிறார். மதியம் என் அறைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார். ஒன்பது பெட்டிகள் கறுப்பாக, முக்கோணத்தோடு இருந்தன. பத்தாவது சாம்பல் நிறத்தில் இருந்தது. பார்க்க அனுமதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

'எனக்கு ஓடுதே அக்கா. இதோ பாருங்க' என்று என் கணினியில் அமுக்கினேன். மூச்சு ஓடியது.

'உங்க மிசின்ல நீங்கதானே சார் கீறீங்க. உங்க வூட்டுக் கதவு உங்களுக்குத் தொறக்காம இன்னா பண்ணும்? வெளிய நிக்கறவனுக்குத் தொறக்குதான்னு பாக்கணும்.'

பதிவை என் சொந்தக் கணக்கில் வைத்து, அங்கிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். வேறு யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. இழுப்பறையிலிருந்து மூன்று போன்களையும் எடுத்து வந்து காட்டினார். மூன்றிலும் சாம்பல் பெட்டி.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. 'அப்ப அந்த முப்பத்தொன்பது பேர்?'

'ஒருத்தருக்கும் கேட்டிருக்காது சார். நெட்டு போச்சுன்னு நெனச்சிக்கினு ஏதோ ஒண்ணக் குறிச்சிட்டாங்க. அதுல பதினெட்டுப் பேருக்குக் கரெக்டு.' அந்தப் பெண்ணின் போனை என் பக்கம் நகர்த்தினார். 'நாப்பது பேருல பொய் சொல்லாத ஒரே ஒருத்திய நீங்க பெயிலாக்கிட்டீங்க.'

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிரின்ஸிபால் அறைக்கு இருவரும் போனோம். அவருக்குப் பட்டியல் மாறுவது பிடிக்கவில்லை. மருத்துவமனைக்கு மறுநாள் அனுப்ப வேண்டும். யாரால் வந்த தப்பு இது, எழுதி வைக்க வேண்டும் என்றார்.

'என் தப்பு சார்' என்றார் அக்கா. 'ஓட்டிப் பாக்காம விட்டுட்டேன். இவரு மெசேஜ் போட்டாரு, நான் நம்பிட்டேன். ஒட்டறதுக்கு ஆயிரம் பேரு கீறாங்க. ஓட்டிப் பாக்கத்தானே என்ன வெச்சிகீறீங்க.'

பிரின்ஸிபால் பேனாவை எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வரி முழுவதையும் அவர் எழுதி முடிக்கும்வரை திறக்கவில்லை. எழுத்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவுக்கு வெளியே அந்தப் பெண் அம்மாவின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்று விட்டவள் அவள். நான் தெரிந்ததையே சொல்லாமல் நிற்கிறேன்.

'அதை அடிச்சிடுங்க சார்' என்றேன். 'நான் போட்டது ஒட்டிட்டேன். ஓட்டலை. கடைசிவரை நான் கேட்கவே இல்லை. அந்தப் பொண்ணு வந்து சொன்னா, அதையும் கேட்கலை.'

'ரெண்டும் ஒண்ணுதானேய்யா?' என்றார் பிரின்ஸிபால் எரிச்சலாக.

'இல்ல சார்' என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பத்தாவது கேள்வியை மட்டும் நாற்பது பேருக்கும் மறுநாள் காலை திரும்ப வைப்பது, பட்டியலை மதியம் அனுப்புவது என்று முடிவானது. அக்கா என் பதிவை வாங்கிக் கல்லூரிப் பக்கத்திலேயே ஏற்றினார். என் கணினியில், என் கணக்கிலிருந்து என்னை வெளியேற்றிவிட்டுப் பார்த்தார். மூன்று போன்களிலும் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் தாம்பரத்தில் ரயிலேறி, நெட் படுத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு முறை. கல்லூரிக்கு வந்ததும் அந்தப் பெண்ணின் அம்மா போனில் ஒரு முறை. பிறகு என்னைப் பார்த்து, 'ஓ...ட்டிட்டேன் சார்' என்றார், நெடிலை நன்றாக இழுத்து.

அந்தப் பெண் நாற்பத்தைந்து நொடியும் கேட்டாள். திரும்ப ஒரு முறை கேட்டாள். வீசிங், அதாவது இழுப்பு, என்று குறித்தாள். அதுதான் விடை. முதல் தடவை குத்துமதிப்பாகச் சரியாகக் குறித்தவர்களில் நாலு பேர் இந்தத் தடவை கேட்டுவிட்டுத் தப்பாகக் குறித்தார்கள். அவர்களை உட்காரவைத்து மறுபடி பாடம் எடுத்தேன். அவள் பெயர் பட்டியலில் ஏறியது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்லை சார், போன் கெட்டுப்போகலைல்ல, அதுவே போதும்' என்றாள்.

சாயங்காலம் பொத்தேரி நடைமேடையில் அக்காவும் நானும் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தோம். அக்கா இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு, 'சார், அந்தப் பத்தாவது மூச்சு உங்களுதுதானே?' என்றார்.

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. பத்தாவது சத்தத்துக்கு நல்ல பதிவு கிடைக்காமல், அன்று சளி பிடித்து எனக்கே கொஞ்சம் இழுப்பு இருந்ததால், என் நெஞ்சிலேயே கருவியை வைத்து எடுத்தது. வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

'எப்படிக் கண்டுபிடிச்சீங்க?'

'நாலு வருசமா உங்க பாடத்த ஓட்டிக்கினு கீறேன். நீங்க ஒவ்வொரு வரி சொல்றதுக்கு முன்னாடியும் இழுக்கற மூச்சு எனக்குத் தெரியாதா?' ரயில் வருகிற பக்கம் பார்த்தபடியே சொன்னார். 'மொத வருச வீடியோவுல இந்தச் சத்தம் இல்ல சார். போன வருசம் படி ஏறிட்டு வந்து பேசினா மட்டும் வரும். இப்பல்லாம் உக்காந்து பேசறப்பவே வருது. சொல்லலாமா வேணாமான்னு பாத்தேன். டாக்டரப் பாருங்க. நாளைக்கே பாருங்க.'

பதினெட்டு வருடமாக மூச்சைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்குகிறவன். என் மூச்சு வருடா வருடம் மாறிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியவில்லை, சளி என்றே நினைத்திருந்தேன். பாடத்தைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். பாடத்துக்கு நடுவே என்னைக் கேட்டவர் இந்த ஒருவர்தான். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒருத்தர் நம்மைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியவந்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. எனக்குச் சிலிர்த்தது. ரயில் வந்தது. அவர் மகளிர் பெட்டிக்கு ஓடினார்.

அக்கா வேலையை மாற்றிக்கொண்டு போய் மூன்று வருடமாகிறது. நான் இப்போது வாட்ஸப்பில் தமிழ் எழுத்தில்தான் அடிக்கிறேன், தடவித் தடவி.

அன்று அவர் சொன்னபடி மறுநாளே போனேன். மருத்துவர் சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இரண்டு மூச்சு கேட்டார். எடுத்துவிட்டு மருந்துச் சீட்டை இழுத்தார்.

'இன்னும் கொஞ்சம் கேளுங்க டாக்டர்' என்றேன். 'கடைசிவரை கேளுங்க.'